வயிற்றுக்கடுப்பு சிறுநீரகத்தை அடைப்பது எப்படி?

ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் கொடிய நஞ்சு (விளக்கெண்ணெயில் அது வராது). செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து ஒரே ஓர் அடினைன் மூலக்கூறைப் பிடுங்கிவிடும். உற்பத்தி நின்று செல் செத்துப்போகும்.

ஜப்பானின் கியோஷி ஷிகா 1897இல் கண்டறிந்த சீதபேதி (வயிற்றுக்கடுப்பு) பாக்டீரியாவின் நஞ்சும் அதே அடினைனைத்தான் பிடுங்குகிறது! செடிக்கும் கிருமிக்கும் ஒரே உத்தி.

குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமியின் நஞ்சு, சிறுநீரக ரத்த நுண்குழாய்களின் உட்சுவர் செல்களில் ஒட்டிக்கொள்கிறது. சுவர் புண்ணானதும் தட்டணுக்கள் அங்கே குவிந்து, குட்டிக் குட்டி உறைகட்டிகள் குழாயை அடைக்கின்றன. இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. ஆகவே ரத்தசோகை, சிறுநீரகச் செயலிழப்பு. உறைவதுதான் நோய் என்றாலும் பரிசோதனையில் தட்டணு குறைவாகவே காட்டும். இருந்தவை உறைகட்டிகளில் செலவாகியிருக்கும்.

சீதபேதிக்குப் பின் இப்படி அவதிப்பட்ட தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 2011இல் ஜெர்மனியில் 800 பேருக்கு மேல் இதே நிலை. அங்கே அதே வகை நஞ்சைச் சுரந்தது ஓர் ஈ.கோலை பாக்டீரியா. அது வந்த வழி, நம் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தின் முளை.

ரத்தபேதி கண்ட குழந்தை சில நாளில் வெளிறி, சிறுநீர் குறைந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிதான். மருந்துக்கடையில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுப்பது நஞ்சை உள்ளேயே தங்கவைக்கும். டயாலிசிஸ் செய்து காத்திருந்தால் பல சிறுநீரகங்கள் மீண்டுவிடுகின்றன.