பொதிகை மலை எரிமலையா?
கணவனும் மனைவியும் ஒரு நாள் நடந்து வரலாம்!

விக்கிரமசிங்கபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். மழைக்காலத்தில் அதன் உச்சியில் புகை போல மேகம் எழும்.

அதைப் பார்த்து, "இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்திருக்குமோ?" என்று கேட்பவர்கள் உண்டு.

இந்தக் கேள்வியோடு ஓர் இளம் தம்பதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு நாமும் போய் வருவோம்.

கல்யாணக் காட்சி

முதலில் வருவது நூற்பு ஆலை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கியது அது. மலையிலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டினார்கள்.

அடுத்தது பாபநாசம். தாமிரபரணியின் கரையில் பாபநாசநாதர் கோவில் இருக்கிறது. அம்மன் பெயர் உலகம்மை.

சிவனுக்கும் பார்வதிக்கும் கயிலாயத்தில் திருமணம் நடந்தபோது, எல்லோரும் அங்கே கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். உலகைச் சமன் செய்ய அகத்திய முனிவர் தெற்கே அனுப்பப்பட்டார். கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அவர் ஏங்கினார். அவருக்கு இங்கே கல்யாணக் கோலத்தில் சிவன் காட்சி கொடுத்தார் என்பது புராணக் கதை. சித்திரை விசு அன்று இங்கே அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

நெருப்பு அல்ல, நீர்!

கோவிலைத் தாண்டினால் ஏற்றம் தொடங்குகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டுதான் மேலே போக வேண்டும். களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் இங்கேதான் இருக்கிறது. அது 1988-ல் ஏற்பட்டது.

வழியில் ஒரு பாறை மீது மனைவி உட்காருகிறாள்.

"என்னங்க, இந்தப் பாறை எல்லாம் எரிமலைக் குழம்பா?" என்று கேட்கிறாள்.

கணவன் விழிக்கிறான். நாம் பதில் சொல்லலாம்.

பொதிகை எரிமலை அல்ல. இந்தப் பாறைகள் பூமிக்கு மேலே வழிந்து ஆறியவை அல்ல. பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. இது நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! பிறகு நிலம் மெல்ல உயர்ந்தது. மழையும் காற்றும் மேல் மண்ணை அரித்தன. ஆழத்தில் கிடந்த பாறை வெளியே வந்து மலையாக நிற்கிறது.

இதே மேற்குத் தொடர்ச்சி மலை, மகாராஷ்டிரத்தில் வேறு விதமாக உண்டானது. அங்கே சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி வெடித்து வழிந்த குழம்புதான் அடுக்கு அடுக்காக இறுகி மலையானது. இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் அந்தமானில் உள்ள பாரன் தீவுக்குப் போக வேண்டும்.

பொதிகை நெருப்பைக் கக்கிய மலை அல்ல. நீரைத் தரும் மலை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. அந்த நீரைக் காடு பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் கோடையிலும் அகத்தியர் அருவியில் தண்ணீர் விழுகிறது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரையில் ஊர் ஊராக வயலுக்கும் வாய்க்கும் தண்ணீர் தருகிறது.

ஓர் உயிர் போன இடம்

அகத்தியர் அருவிக்கு மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். பார்க்க அமைதியான இடம். ஆனால் தமிழ்நாடு மறக்க முடியாத துயரம் நடந்த இடமும் இதுதான்.

வ.வே.சு. அய்யர் நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' என்ற சிறுகதையை எழுதியவர். பக்கத்தில் உள்ள சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திவந்தார்.

1925 ஜூன் மாதம் அவர் இங்கே வந்தார். மகள் சுபத்திரையும் கூட வந்தாள். நீரோடையைத் தாண்டும்போது சுபத்திரை தவறி விழுந்துவிட்டாள். மகளைக் காப்பாற்ற அய்யர் பாய்ந்தார். தந்தை, மகள் இருவரையுமே வெள்ளம் கொண்டு போய்விட்டது!

பாசி படிந்த பாறை காலை வாரும். மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் பெருகி வரும். இந்த மலையில் பயப்பட வேண்டியது நெருப்புக்கு அல்ல, நீருக்குத்தான். தடுத்த இடத்தில் இறங்கக் கூடாது. ஓடையைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

உச்சிக்குப் போகலாமா?

கட்டுச்சோறு முடிந்தது. மனைவி உச்சியைப் பார்க்கிறாள்.

"அங்கே நாம் இரண்டு பேரும் போக முடியுமா?"

சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், "நான் போகலாம், நீ வர முடியாது" என்றுதான் கணவன் சொல்லியிருக்க வேண்டும்.

அகத்தியர் சிகரம் தமிழ்நாடு - கேரள எல்லையில் இருக்கிறது. உயரம் 1,868 மீட்டர். கேரளத்தில் போனக்காடு வழியாக, அனுமதி பெற்றவர்கள் ஏறுகிறார்கள். முன்பு அதில் பெண்களைச் சிகரம் வரை விடுவதில்லை. அகத்தியர் பிரம்மசாரி, அவர் இருக்கும் மலையில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்குள்ள காணி பழங்குடி மக்களின் நம்பிக்கை.

பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஆண், பெண் என்று வேற்றுமை பார்க்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் சிகரம் ஏறித் திரும்பினார். காணி மக்கள் தங்கள் எதிர்ப்பை அமைதியாகத் தெரிவித்தார்கள்.

மலையின் இந்தப் பக்கத்தில் வழக்கம் வேறு. பாபநாசத்தில் அகத்தியரை அவர் மனைவி லோபாமுத்திரையோடு சேர்த்தே வணங்குகிறார்கள்!

இருட்டுவதற்குள் தம்பதி இறங்குகிறார்கள். ஈரப் பாறை வந்த இடத்தில் கணவன் தடுமாறுகிறான். மனைவி சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"பார்த்து வாங்க!"

மலை ஏற ஆண் என்ன, பெண் என்ன? பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்!