கோயில் சாயக் கூடாதா? கழுகுமலைக்கு எந்த ஃபிலிம் கேமராவைத் தூக்கிட்டுப் போகலாம்?

கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. மலை மேலே, 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, கடைசி வரை முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயில். பாறை விளிம்பில் நின்று போனைக் கீழே சாய்த்து க்ளிக் பண்றீங்க. படத்தில் விமானம் மேலே பெருத்து, அடி குறுகிக் கிடக்குது. மதுரை தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் உல்டா... கோபுரம் பின்னாடி சாயும்!

காரணம் ஒன்றுதான், கேமராவை நீங்க சாய்க்கிறீங்க. சாய்க்காமல் எடுக்க வழி இருக்கு. அதுதான் ஷிஃப்ட்.

ஷிஃப்ட்னா என்ன?

லார்ஜ் ஃபார்மேட் கேமராவில் ஒரு ஃபிலிம் தாளே 4×5 இன்ச். லென்ஸ் அதைவிடப் பெரிய வட்டமாகப் படத்தை உள்ளே விழவைக்கும். கேமராவை நேராக நிறுத்திட்டு, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் கோபுர உச்சி உள்ளே வரும். இது ரைஸ். கீழே இறக்கினால் கோயிலின் அடிப்பகுதி வரும். இது ஃபால். தூண்கள் நேராகவே நிற்கும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் எடை. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரின்ட்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அவர் சாமான்களைச் சுமக்க மாட்டுவண்டிகள் இருந்தன. உங்களுக்கு உங்க முதுகு மட்டும்தான். அதனால் மோனோரயில் வகை ஸ்டூடியோவிலேயே இருக்கட்டும். பெட்டி மாதிரி மடங்கும் ஃபீல்ட் கேமரா போதும். இன்ட்ரெபிட் 4×5 சுமார் 1.2 கிலோதான்.

அடுத்து, ஃபால் இருக்கா? செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் பழைய க்ரவுன் கிராஃபிக் போன்ற பிரஸ் கேமராக்களில் ரைஸ் உண்டு, ஃபால் கிடையாது. மதுரைக்கு ஓகே, மேலிருந்து பார்க்கும் வெட்டுவான் கோயிலுக்கு உதவாது.

மூன்றாவது, லென்ஸின் இமேஜ் சர்க்கிள். 4×5 ஃபிலிமின் மூலைக்கு மூலை சுமார் 153 மி.மீ. வட்டம் அதே அளவு இருந்தால் நகர்த்தியதும் மூலைகள் கறுத்துடும். ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/8 லென்ஸுக்கு எஃப்/22-ல் 216 மி.மீ. வட்டம். ஃபிலிமை நெட்டுக்குத்தாக வைத்தாலும் 35 மி.மீ. வரை நகர்த்தலாம். உங்க போனின் மெயின் கேமரா பார்க்கும் அகலமும் கிட்டத்தட்ட இதுதான். ஆனா வைட் லென்ஸ் மாட்டினால் பெல்லோஸ் நெருங்கி மடிந்து இறுகும். கடையிலேயே லென்ஸை மாட்டி, ஏற்றி இறக்கிப் பார்த்துடுங்க.

கரிசல் மண்ணில் கவனம்!

ஒரு ஹோல்டரில் இரண்டே ஷாட். ஐந்து ஹோல்டர்னா பத்து படம், அவ்வளவுதான். ஃபிலிமை முந்தின ராத்திரியே ரூமில் லோடு பண்ணிடுங்க. தூசு விழுந்தா படத்தில் புள்ளி விழும். மலைக் காத்தில் பெல்லோஸ் ஆடும், அதனால காலையிலேயே ஏறிடுங்க. ட்ரைபாடுக்கு அனுமதி வேணுமான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க. விமானத்தில் வர்றவங்க, ஃபிலிமை சி.டி. ஸ்கேனருக்குள் விடாமல் கையால் செக் பண்ணச் சொல்லுங்க.

காசு போடும் முன்...

இந்த வாரமே ஒரு டெஸ்ட். போனை 0.5 எக்ஸ்-ல் வெச்சு, கொஞ்சமும் சாய்க்காமல் நேராகப் பிடிச்சு ஒரு கோபுரத்தை எடுங்க. கீழே வரும் தரையை க்ராப் பண்ணிடுங்க. கோபுரம் நேராக நிற்குதா? ஷிஃப்ட்டும் இதேதான், ஆனா க்ராப்பில் எதையும் இழக்காமல். இந்தப் படமே போதும்னு தோணினா, காசு மிச்சம். பாறையில் உளி பட்ட தடம் வரை பெரிய பிரின்ட்டில் பார்க்கணும்னு தோணினா மட்டும் கேமரா தேட ஆரம்பிங்க!