உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு 'பாடு' போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், "எல்லாம் கத்துக்கத்தான்" என்பீர்கள். சிக்கலே அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எனக்கு உறவினர்கள் உண்டு. அங்கே ஒரு தம்பிக்கு, அம்மாவின் நகையை அடகு வைத்துக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் போய், "என்னடா கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "டெய்லி உட்கார்றேண்ணே, ஒண்ணும் ஏறலை" என்றான். கேம்ஸும் சினிமாப் பாட்டும்தான் ஓடியிருக்கின்றன. அடகுக் கடை வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த அவன் அப்பா சொன்னார்: "ஏரி முழுக்க நம்மளதுன்னு கெளம்பினா எங்கேயும் வலை கட்ட முடியாது. பாடு இருக்கணும்."

பாடு என்பது பழவேற்காட்டின் சில மீனவக் கிராமங்களில் வழிவழியாக வரும் முறை. இறால், மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் ஏரியில் குறைவு. எனவே எந்த இடத்தில், யார், எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். இந்த உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் சச்சரவும் உண்டு. ஆனால் பாடு உள்ளவர், "இன்று எங்கே போவது?" என்று கரையில் நின்று யோசிப்பதில்லை.

நம் இலக்குக்கும் இதுதான் தேவை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது. "செய்வேன்" என்று மட்டும் எண்ணுவதைவிட, "இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று தீர்மானிப்பவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

உங்கள் பாடு போட நோட்பேட் போதும்.

1. நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் ஒரே ஒரு இலக்கையும் முடிக்கும் தேதியையும் டைப் செய்யுங்கள்.

2. அடுத்த வரியில் நேரம், இடம், செய்யும் வேலை மூன்றையும் எழுதுங்கள்.

3. 'பாடு' என்று பெயர் கொடுத்து டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள்.

4. தினமும் வேலை முடிந்ததும் பைலைத் திறந்து, கர்சரைக் கடைசி வரிக்குக் கொண்டு போய் எப்5 கீயை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். பக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, மறுபடியும் சேவ் செய்யுங்கள்.

தம்பி இப்படி எழுதினான்: "ஒரு மாதத்தில் அப்பாவின் இறால் விற்பனை, கடன் கணக்கை எக்ஸெல்லில் போடுவேன். தினமும் இரவு 7 மணி, வீட்டு மேஜை, அரை மணி நேரம்."

இருபது நாள் கழித்துப் பைலைப் பார்த்தேன். பதினான்கு வரிகள் இருந்தன. ஆறு நாள் விட்டுப் போயிருந்தது. பரவாயில்லை. வட்டியோடு கடன் மொத்தம் எவ்வளவு பாக்கி என்பது அந்த வீட்டில் முதல் முறையாகத் தெரிந்தது.

இன்றிரவே உங்கள் பாட்டை எழுதிவிடுங்களேன்!