பெட்டிக்குக் கால் எதற்கு?

நல்ல ஒலிபெருக்கி என்று பலரும் ஆசையோடு வாங்குகிறார்கள். பணத்தையும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். வீட்டில் வைத்துக் கேட்டாலோ, மிருதங்கம் குடத்துக்குள்ளிருந்து ஒலிப்பது போல் இருக்கிறது! உடனே பெட்டியின் மீது பழி. ஆனால் குற்றம் பெட்டியில் இல்லாமல், அது நிற்கும் இடத்தில் இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பை மேஜைமேல் ஊன்றிக் காட்டுவார்கள். மெல்லக் கேட்ட நாதம் சட்டென்று பெருகும். மேஜைப் பலகையும் சேர்ந்து அதிர்வதே காரணம். ஒலிபெருக்கியிலும் இதுதான் நடக்கிறது. உள்ளேயிருக்கும் கூம்பு முன்னே பாயும்போதெல்லாம் பெட்டி பின்னே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாவது விதி இது. கூம்பின் எடை கிராம் கணக்கு. பெட்டியின் எடை கிலோ கணக்கு. ஆகவே பெட்டியின் அசைவு மிகமிகச் சிறியது. ஆயினும், அது மரத் தரையிலோ மெல்லிய அலமாரியிலோ நின்றால், பலகையும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும்!

முள்ளா, ரப்பரா?

கால்களில் முக்கியமாக இரண்டு வகை. கூரிய இரும்பு முள், தடித்த கம்பளத்தை ஊடுருவிக் கீழேயுள்ள கெட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். பெட்டி ஆடாது, ஆனால் அதிர்வு தடைப்படாது. மெத்தென்ற ரப்பர் கால், அதிர்வு தரைக்கு இறங்குவதைக் குறைக்கும். மரத் தரைக்கு இதுவே உகந்தது. மாடியில் குடியிருப்போருக்கும் ஓரளவு உதவும். ஆனால் காற்றின் வழியே கீழ்வீட்டுக்குச் செல்லும் சப்தத்தை எந்தக் காலும் தடுக்காது. அதற்கு மருந்து, சப்தத்தைக் குறைப்பதுதான்!

சிமெண்டுத் தரையில் பெட்டி ஆடாமல் நின்றாலே பெரும்பாலும் போதும்.

சுவரின் விளையாட்டு

காலைவிட இடமே முக்கியம். பெட்டியை மூலையில் தள்ளினால் கீழ்ஸ்தாயி ஒலி பருத்துவிடும். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒரு விசித்திரம் உண்டு. பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. வினாடிக்குச் சுமார் 86 அதிர்வுள்ள ஒலிக்கு இது பாதி அலைநீளம். திரும்பிய அலை நேர் அலையை எதிர்த்து, அந்த ஸ்வரத்தை மங்கச் செய்துவிடுகிறது.

அமெரிக்க நிபுணர் ராய் அல்லிசன் 1974-ல் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் கூம்புக்குச் சமதூரத்தில் இருப்பது மிகவும் கெடுதல் என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே, மூன்று தூரங்களும் வெவ்வேறாக இருக்கட்டும். உச்சஸ்தாயி தரும் சிறு கூம்பு, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, பெட்டியைச் சாண் சாணாக நகர்த்திக் கேட்க வேண்டும். கால்களுக்கே ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கடைகள் உண்டு. காசில்லாத வைத்தியம் முதலில். காசுள்ள வைத்தியம் பிறகு!