விடுதலைக்கும் ஒரு விலை: 49 ஆண்டுத் தவணை!



ஆடு மாடுகளைச் சந்தையில் விற்பதுண்டு. மனிதனையும் விற்பார்களா? ருஷ்ய நாட்டில் விற்றார்கள்!

1649-ஆம் ஆண்டுச் சட்டம் உழவனைப் பண்ணையோடு கட்டிப் போட்டது. நாளடைவில் நிலப்பிரபு அவனை நிலத்தோடும் விற்றார்; நிலமில்லாமல் தனியாகவும் விற்றார். பிரபுவின் வயலில் வாரத்தில் பல நாள்கள் கூலியில்லா உழைப்பு. இல்லையேல் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கலியாணம் செய்துகொள்ளக்கூடப் பிரபுவின் சம்மதம் வேண்டும்.

ஒரு பிரபு எவ்வளவு பெரிய பணக்காரர் என்று அறிய, அவரிடம் எத்தனை 'ஆன்மாக்கள்' இருக்கின்றன என்று கேட்பார்களாம். 'ஆன்மா' என்பது தலைவரிக் கணக்கில் பதிந்த ஆண் பண்ணையடிமை!

உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் அந்தோன் செகாவின் பாட்டனாரும் ஒரு பண்ணையடிமைதான். 1841-இல் 3,500 ரூபிள் கொடுத்து அவர் தம் குடும்பத்தின் விடுதலையை விலைக்கு வாங்கினார். அப்படி வாங்க முடிந்தவர்கள் எத்தனை பேர்?

போர் தந்த பாடம்

1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ருஷ்யா தோற்றது. அடிமைகளை வைத்துக்கொண்டு இனி வல்லரசாக நிற்க முடியாது என்பது ஜார் மன்னர் இரண்டாம் அலெக்ஸாண்டருக்குப் புரிந்தது. 1856-இல் மாஸ்கோ பிரபுக்களிடம் அவர் வெளிப்படையாகவே பேசினார். அடிமைகள் கீழேயிருந்து தாங்களாகவே விலங்கை உடைக்கும் நாள் வரை காத்திராமல், மேலேயிருந்து நாமே அதை அகற்றுவது மேல் என்பது அவர் பேச்சின் சாரம். இரக்கம் மட்டுமல்ல, அச்சமும் சேர்ந்துதான் விடுதலையைக் கொண்டுவந்தது!

1861 மார்ச் 3-ஆம் நாள் (ருஷ்யப் பழைய நாள்காட்டிப்படி பிப்ரவரி 19) மன்னர் கையெழுத்திட்டார். 2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் சட்டப்படி மனிதர்களானார்கள். இனி யாரும் அவர்களை விற்க முடியாது. விரும்பியவரை மணக்கலாம், சொத்து வாங்கலாம், வாணிபம் செய்யலாம், வழக்கும் தொடுக்கலாம்.

சாமி வரம் கொடுத்தும்...

ஆனால், நிலம்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! நிலமெல்லாம் பிரபுவின் சொத்து என்றே சட்டம் சொன்னது. உழவன் தலைமுறை தலைமுறையாக உழுத துண்டு நிலத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். செழிப்பான கரிசல் பகுதிகளில், முன்பு அவன் உழுததில் ஒரு பங்கைப் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

விலை போட்ட விதத்தைக் கேளுங்கள். ஓர் உழவன் பிரபுவுக்கு ஆண்டுக்கு 6 ரூபிள் கட்ட வேண்டியவன் என்றால், அவன் நிலத்தின் விலை 100 ரூபிள்! மண் வளமில்லாத இடங்களில் அந்த நிலம் அவ்வளவு பெறாது. ஆளுக்கு விலை இல்லை என்று சொல்லிவிட்டு, ஆளின் விலையை நிலத்தின் விலைக்குள் ஒளித்து வைத்தார்கள்.

அந்த 100 ரூபிளில் பெரும்பாலும் 80 ரூபிளை அரசாங்கம் பிரபுவுக்குக் கடன் பத்திரங்களாகக் கொடுத்தது. உழவன் அதற்கு நூற்றுக்கு 6 வீதம் 49 ஆண்டுகள் அரசுக்குக் கட்ட வேண்டும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 80 ரூபிள் கடனுக்கு 235 ரூபிளுக்கு மேல்! அப்பன் வாங்கிய விடுதலைக்குப் பேரன் வரை தவணை.

கடனுக்கும் வரிக்கும் கிராமமே பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே வெளியூர் போகக் கிராமச் சபையின் அனுமதி தேவைப்பட்டது. பிரபுவின் பிடி போய், ஊரின் பிடி வந்தது.

இதுவா விடுதலை என்று உழவர்கள் திகைத்தார்கள். 1861-இல் கசான் மாநிலத்துப் பெஸ்த்னா கிராமத்தில், ஓரளவே எழுதப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்ற உழவர், சட்டப் புத்தகத்தில் உண்மையான விடுதலை இருக்கிறது, பிரபுக்கள் அதை மறைக்கிறார்கள் என்றார். ஆயிரக்கணக்கானோர் அவரைச் சூழ்ந்தனர். படை வந்து சுட்டது, பலர் மாண்டனர். பெத்ரோவுக்கு மரண தண்டனை!

நன்மையே இல்லையா?

உண்டு. 1864-இல் நீதிமன்றங்கள் சீர்திருத்தப்பட்டன. அதே ஆண்டு ஏற்பட்ட வட்டார மன்றங்கள் கிராமங்களில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திறந்தன. உழவர் பிள்ளைகள் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். பிரபுக்களோ முன்பே தங்கள் அடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடமானம் வைத்திருந்தவர்கள். வந்த பணம் கடனுக்கே போக, பலர் நிலத்தையும் விற்றார்கள்.

1904-இல் மேடையேறிய செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் இந்த இரு பக்கங்களும் உண்டு. ஒரு கிழ வேலைக்காரர் விடுதலையைப் பெருங்கேடாக நினைக்கிறார். அடிமைகளின் வம்சத்தில் வந்த வியாபாரியோ, தம் பாட்டனும் தந்தையும் அடிமைகளாய் இருந்த பண்ணையையே ஏலத்தில் எடுக்கிறார்!

விடுதலை தந்த மன்னரை 1881-இல் புரட்சியாளர்கள் குண்டு வீசிக் கொன்றார்கள். உழவரின் நிலப்பசி தீரவில்லை. 1905-இல் நாடெங்கும் கிளர்ச்சி வெடித்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது. 1907 முதல் தவணை ரத்தாயிற்று. 1917-இல் உழவர்கள் பிரபுக்களின் நிலத்தைத் தாங்களே பங்கிட்டுக்கொண்டார்கள்.

அன்பர்களே, விலங்கை அவிழ்ப்பவர் கையில் கடன் பத்திரமும் இருந்தால், அதையும் படித்துப் பார்க்க வேண்டும். ருஷ்ய உழவனுக்கு அதைப் படித்துச் சொல்ல அன்று ஆளில்லை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?