படுக்கையை நனைத்த பையன்

அடி வாங்கியே பழகிய பிள்ளை எப்படித் தேறும்? இளையோர் நாவல்களில் இதைப் பொறுமையாகச் சொன்ன ஒன்று, மிஷல் மகோரியன் எழுதி 1981இல் வெளிவந்த ‘குட்நைட் மிஸ்டர் டாம்’.

போர் மூண்ட 1939இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவன்தான் எட்டு வயது வில்லி. உடம்பெங்கும் தாய் அடித்த காயங்கள். மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து, யாரோடும் ஒட்டாமல் வாழும் முதியவர் டாம் வீட்டில் அவனை விடுகிறார்கள்.

இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறான். டாம் அடிப்பதில்லை, விரிப்பைத் துவைத்துப் போடுகிறார், அவ்வளவுதான். கதவிடுக்கில் பிரம்பு செருகியிருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சற்று உறுத்தும். மெல்ல எழுதப் படிக்கக் கற்கிறான், படம் வரைகிறான், சாக் என்ற நண்பன் கிடைக்கிறான். ஒரு காலையில் படுக்கை நனையாமல் இருக்கிறது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். தாய் அழைக்க, வில்லி லண்டன் திரும்புகிறான். கடிதமே வராததால் டாம் தேடிப் போகிறார். படிக்கட்டின் கீழ் கட்டிப்போடப்பட்டு, இறந்த கைக்குழந்தையை அணைத்தபடி கிடக்கிறான் பையன். மீட்டுக் கொண்டுவந்த பின்பும் கொடுங்கனவுகள் விடவில்லை. தேறிவிட்டான் என்று நினைத்தவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தாராளமாகத் தரலாம். அந்த லண்டன் பகுதியை மட்டும் பெற்றோர் முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.