தேடி வரும் கழகங்களும் தேடப்படும் இளைஞர்களும்

பொம்மசந்திராவில் என் அறைக்கு எதிரே ஒரு சிறு திடல் உண்டு. ஞாயிறுதோறும் தொழிற்சாலைப் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுவர். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களில் ஒருவன் பந்து வீசினால் மட்டை பிடித்தவனுக்குக் கண் இமைக்கவும் நேரமிராது. "இவனை எவனாவது பெரிய ஆள் பார்த்தால் கொத்திக்கொண்டு போய்விடுவான்" என்பார் டீக்கடைக்காரர்.

கொத்திக்கொண்டு போன பிறகு என்ன ஆகும்? இவ்வினாவுக்கு விடை கூறும் உண்மை வரலாறுகள் இரண்டு உண்டு. அவை கிரிக்கெட்டைப் பற்றியவை அல்ல. அமெரிக்கரின் பேஸ்பால் விளையாட்டைப் பற்றியவை.

பேஸ்பாலை நம் தோழர்களுள் பலர் அறியார். அதில் வீச்சாளர் ஓடி வருவதில்லை. சிறு மேட்டின்மேல் நின்று வீசுகிறார். பந்து தரையில் படாமல் சுமார் 18.4 மீட்டர் தொலைவைக் கடந்து, 43 செ.மீ. அகலமுள்ள ஒரு தகட்டின் மேலாக, எதிராளியின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் புகவேண்டும். கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டுவது குற்றம். இங்கோ அது வேகத்தின் ஊற்று. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே புதிய வீச்சாளனைத் தேடும் கழகம் முதலில் அளப்பது அவன் கையின் வேகத்தையே.

அந்த அளவுகோல் நம் நாட்டுக்கும் வந்தது. ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர், 2007-08இல் இந்திய நகரங்களில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை நடத்தினார். இத்தனை கோடி மக்கள் வாழும் நாட்டில் வேகமான கை ஒன்று இராதா என்பது அவர் கணக்கு. இந்தியர் ஒருவர் ஆடினால் இந்தியச் சந்தையும் திறக்கும் என்பது அதனுள் மற்றொரு கணக்கு. 37,000-க்கும் மேற்பட்டோர் பந்து வீசிப் பார்த்தனர். தேறியவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் உத்தரப் பிரதேச இளைஞர் இருவர். லக்னோவில் ஈட்டி எறிதல் பயின்ற அவர்கள், அதற்குமுன் பேஸ்பால் ஆடியதே இல்லை. மணிக்கு 87 மைல், அதாவது 140 கி.மீ., வேகத்தில் வீசிய ரிங்கு ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

இருவரும் அமெரிக்கா சென்று, டாம் ஹவுஸ் என்னும் பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்றனர். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் தொடக்கநிலை லீக் ஒன்றில் களமிறங்கினர். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் பந்து வீசிய முதல் இந்தியர்கள் அவர்களே. இக்கதை 2014இல் திரைப்படமாகவும் வந்தது. இசை நம் ஏ. ஆர். ரகுமான்.

திரைப்படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. வாழ்க்கை அப்படி முடிவதில்லை. படேலைக் கழகம் 2010 இறுதியில் விடுவித்தது; அவர் நாடு திரும்பினார். ரிங்கு மேலும் ஓரிரு படிகள் ஏறினார். பின்னர் முழங்கையில் காயமும் அறுவை மருத்துவமும் வந்தன. 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். உச்சநிலையான மேஜர் லீகில் இருவருமே ஆடவில்லை. அவர்களிடம் உழைப்பு இல்லாமல் போகவில்லை. பத்து வயது முதல் பந்தோடு வளர்ந்தவனின் பழக்கத்தைச் சில மாதங்களில் ஊட்டிவிட முடியாது. வேகத்தை அளக்கும் கருவிக்கு இது தெரியாது.

இனி இரண்டாவது வரலாறு. ஜப்பானியரான ரோகி சசாகி, 2011 சுனாமியில் தந்தையையும் பாட்டன் பாட்டியையும் இழந்தவர். மணிக்கு 160 கி.மீ.-க்கு மேல் வீசுபவர். 2022 ஏப்ரலில் ஓர் ஆட்டம் முழுதும் எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடாமல் வீசிக் காட்டினார். 2024 இறுதியில், தம் 23ஆம் வயதில், அமெரிக்கா செல்ல விரும்பினார். கழகங்கள் பல போட்டியிட்டன.

இங்கே ஒரு விதியை அறிதல் வேண்டும். 25 வயது நிரம்பாத வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கழகங்கள் விரும்பியபடி பணம் கொடுக்க இயலாது. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கழகத்துக்கும் வரம்பு உண்டு. 2025இல் அது சுமார் 51 லட்சம் முதல் 75 லட்சம் டாலர் வரை இருந்தது. 2023 டிசம்பரில் அதே நாட்டு யோஷினோபு யமமோட்டோ, 25 வயது நிரம்பியவராதலால், 12 ஆண்டுகளுக்கு 32½ கோடி டாலர் பெற்றார். சசாகி ஈராண்டு பொறுத்திருந்தால் பன்மடங்கு பெற்றிருக்கலாம், அவர் பொறுக்கவில்லை. கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ் கழகம் கிளீவ்லாந்திடமிருந்து ஓர் ஆட்டக்காரரை ஏற்றுக்கொண்டு, அதனோடு 20 லட்சம் டாலர் வரம்பையும் கூடுதலாகப் பெற்றது. அதே நாளில், 2025 ஜனவரி 17இல், சசாகி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸைத் தேர்ந்ததாக அறிவித்தார். கிடைத்தது 65 லட்சம் டாலர்.

எல்லோரும் ஏறத்தாழ ஒரே தொகைதான் தரமுடியும் என்னும்போது எதை வைத்துத் தேர்வது? சசாகி கழகங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்! 2024இல் தம் பந்தின் வேகம் ஏன் குறைந்தது, அது மீண்டும் குறையாமல் காப்பது எப்படி என்று அவர்களைக் கேட்டதாகச் செய்திகள் கூறின. தேர்வு எழுதவேண்டியவர் தேர்வு வைத்தார். சென்ற முதலாண்டிலேயே தோள் நோவால் பல மாதங்கள் ஆடமுடியாமற் போனார். ஆயினும் மீண்டு வந்து வீசினார். அவ்வாண்டின் உலகத் தொடரை டாட்ஜர்ஸ் வென்றது. தோற்றது அதே டொராண்டோ.

சசாகிக்கு இருந்த புகழும் பின்பலமும் ரிங்குவுக்கு இல்லை. கேள்வி கேட்கும் நிலையில் அவரை எவரும் வைக்கவில்லை. இருவரையும் தேடி வந்தார்கள். ஒருவர் மட்டுமே தேடி வந்தவரை அளந்தார்.

தோழர்களே, இது நமக்கும் உரியது. ஊரை விட்டு வந்து படிக்கும் நம்மை நாளை நிறுவனங்கள் தேடி வரும். வேகத்தின் இடத்தில் மதிப்பெண் இருக்கும். சென்ற மாதம் நானும் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். அரை மணி நேரம் வினாக்கள் தொடுத்தார்கள். இறுதியில், "எங்களிடம் நீங்கள் கேட்க ஏதேனும் உண்டா?" என்றார்கள். "இல்லை, ஐயா" என்று எழுந்துவிட்டேன். கேட்கவேண்டியவை அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் நினைவுக்கு வந்தன. முதல் ஈராண்டில் என்ன கற்பிப்பீர்கள்? நான் தவறினால் என்ன செய்வீர்கள்? எனக்குமுன் வந்தவர்கள் இன்று எங்கே?

அடுத்த முறை இம்மூன்றையும் எழுதி எடுத்துச் செல்வேன். நீங்களும் எடுத்துச் செல்லுங்கள்.